வாய் நுண்ணுயிர் ஆய்வு: எச்சில் குழாயிலிருந்து தரவு அலசல் வரை, ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பாம்பன் தெற்குவாடியில் முதல் நாள் உமிழ்நீர் வாங்கிக்கொண்டிருந்தபோது, வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, எங்க எச்சியக் கொண்டுபோயி என்னதான் பண்ணுவீங்க?”

“பெங்களூருக்கு அனுப்புவோம்ய்யா. அங்க ஒரு கம்பெனியில பாத்து என்னென்ன கிருமி இருக்குன்னு சொல்லிருவாங்க” என்றேன்.

பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. நானே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சீக்வென்சிங் நிறுவனம் எதையும் பார்த்துச் சொல்வதில்லை என்பது இரண்டு தொகுதி மாதிரிகளை வீணடித்த பிறகுதான் புரிந்தது. குழாயில் இருக்கும் டிஎன்ஏவின் எழுத்துகளைப் படித்துத் தருவதுதான் அவர்கள் வேலை. எந்த மரபணுப் பகுதியைப் படிப்பது, எவ்வளவு ஆழமாகப் படிப்பது, எந்தத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது என்பதையெல்லாம் நாம் எழுதிக் கொடுக்காவிட்டால், அவர்களுக்கு எது வழக்கமோ அதைச் செய்து, வண்ண வண்ணப் படங்களோடு ஒரு பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள். பல் மருத்துவத்திலோ நுண்ணுயிரியலிலோ ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் இந்தக் கரையில் இருந்துகொண்டு இந்த வேலையை எப்படி நடத்தலாம் என்பதை என் தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

“ராமநாதபுரம் மீனவர்களின் வாய் நுண்ணுயிர்கள்” என்பது தலைப்பு. கேள்வி வேறு. மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் பதிவாகியிருக்கின்றன. யாருடைய வாயைத் திறந்தாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெய்லோனெல்லா, ஆக்டினோமைசெஸ், நைஸீரியா, ரோத்தியா என்று ஒரு பெரிய பட்டியல் வரும். பட்டியல் போட மட்டும் காசு செலவழிக்க வேண்டாம்.

இந்தக் கரையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குச்சி தரும் உகா மரம் நம் கரையோர உவர் மண்ணிலேயே வளர்வது. குச்சி மட்டும் பயன்படுத்துபவர், பேஸ்ட் மட்டும் பயன்படுத்துபவர், இரண்டும் பயன்படுத்துபவர் என்று மூன்று குழுவாகப் பிரித்து ஈறோரப் படலத்தை ஒப்பிடலாம். வெற்றிலை, பாக்கு, பொயிலை போடுபவர்களை எடுத்துக்கொள்ளலாம். பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால், அந்த ஆய்வுக்கு மருத்துவ முக்கியத்துவமும் உண்டு.

மீன்பிடித் தடைக்காலத்தை வைத்தும் ஒரு நல்ல ஆய்வு அமைக்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஒரே ஆளிடம் தடைக்காலத்தில் ஒரு முறை, தொழில் ஓடும்போது ஒரு முறை மாதிரி எடுத்தால் அவரை அவரோடே ஒப்பிடலாம். வாய் நுண்ணுயிர்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம் என்பதால் இந்த ஒப்பீடு தனி மதிப்புள்ளது.

இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. தடைக்காலத்தில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், சுலபமாகக் கிடைப்பார்கள் என்று மீனவர்களை எல்லாம் மே மாதத்தில் எடுத்துவிட்டு, ஒப்பீட்டுக் குழுவான கடைக்காரர்களை செப்டம்பரில் எடுத்தால், கடைசியில் கிடைக்கும் வித்தியாசம் தொழிலாலா பருவத்தாலா என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு குழுவையும் ஒரே வாரங்களில், கலந்து எடுங்கள்.

அனுமதி

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழாயைக்கூடத் திறக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள்தான் அடிப்படை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் படித்தால் புரிகிற தமிழில். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன்னால் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். மாதிரி எந்த ஊருக்குப் போகும், மீதி டிஎன்ஏவை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், தரவு பொதுவெளியில் போகுமா என்ற மூன்றும் படிவத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கூட்டாய்வு என்றால் அதற்குத் தனி அரசு அனுமதி உண்டு. மாதங்கள் பிடிக்கும் வேலை, முதலிலேயே தொடங்குங்கள்.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது

உமிழ்நீர் எடுப்பது எளிது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அது வாயின் எல்லா மூலைகளிலிருந்தும் உதிர்ந்து வந்த கலவை. நாக்கின் நுண்ணுயிர்தான் அதில் அதிகம் தெரியும். ஈறு நோய்தான் கேள்வி என்றால் ஈறுக்கு அடியிலிருந்து காகித முனையில் எடுக்க வேண்டும். சொத்தை என்றால் பல் மேல் படலத்தைச் சுரண்ட வேண்டும். இரண்டுக்கும் பல் மருத்துவர் கை வேண்டும். (1683-இல் லேவன்ஹூக் தன் பல் இடுக்குப் படலத்தைச் சுரண்டித்தான் வாய் பாக்டீரியாக்களை முதலில் கண்டார். தினமும் காலையில் உப்பால் பல் தேய்க்கும் பழக்கம் தனக்கு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். வாலிநோக்கம் உப்பளக்காரர்களுக்கு அவரைப் பிடித்திருக்கும்.)

காலையில், பல் துலக்கும் முன், வெறும் வயிற்றில் எடுப்பது உத்தமம். முடியாவிட்டால் சாப்பிட்டு, குடித்து, வெற்றிலை போட்டு ஒரு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். எதையும் மெல்லாமல், தலையைக் குனிந்து, தானாக ஊறுவதைக் குழாயில் வடியவிடச் சொல்லுங்கள். காறித் துப்பினால் சளி வந்துவிடும். இரண்டு மில்லி போதும். நுரையை அளவில் சேர்க்காதீர்கள்.

கேள்வித்தாளில் வழக்கமானவை இருக்கும்: வயது, சர்க்கரை நோய், புகை, கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாட்டிக், துலக்கும் முறை. இந்தக் கரைக்காகச் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். குடிப்பது காவிரிக் கூட்டுக் குடிநீரா, கேன் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா? இன்று கடல் தண்ணீரில் வாய் கொப்பளித்தீர்களா? படகில் கொப்பளிப்பவர்கள் உண்டு. நான் முதல் தொகுதியில் இதைக் கேட்கவில்லை. தரவில் சில பேரிடம் விப்ரியோ என்ற கடல் பாக்டீரியா தலைகாட்டியபோது அது வாயில் இருந்ததா, கடலிலிருந்து அன்று காலை வந்ததா, பெட்டியில் இருந்த ஐஸிலிருந்து கசிந்ததா என்று சொல்ல முடியாமல் விழித்தேன்.

வெற்றிலை போடுபவர்களின் மாதிரியில் இன்னொரு சிக்கல். பாக்கிலும் வெற்றிலையிலும் உள்ள பாலிஃபீனால்கள், டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கக்கூடியவை. சிவந்த எச்சில் குழாய்களை மட்டும் நிறுவனம் “தரம் போதாது” என்று ஒதுக்கினால், உங்கள் ஒரு குழுவே ஓட்டையாகிவிடும். தடுப்பான்களை நீக்கும் கிட் பயன்படுத்தும்படியும், தேவைப்பட்டால் டிஎன்ஏவை நீர்த்து ஓட்டிப் பார்க்கும்படியும் முன்பே சொல்லி வையுங்கள்.

குளிர்ச்சியும் பெட்டியும்

எடுத்த மாதிரி அறை வெப்பத்தில் கிடந்தால் வேகமாக வளரும் பாக்டீரியா பெருகி, மெதுவாக வளர்வது மறைந்துபோகும். மே மாத மண்டபத்தில் ‘அறை வெப்பம்’ என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். இரண்டு வழி உண்டு. ஒன்று, நுண்ணுயிரை அந்த நிலையிலேயே நிறுத்தி டிஎன்ஏவைக் காக்கும் பதனத் திரவம் ஏற்கெனவே ஊற்றப்பட்ட குழாய்கள். விலை கூடுதல், ஆனால் வாரக்கணக்கில் வெளியில் தாங்கும். இன்னொன்று, உடனே குளிர்வித்து, அன்றே மைனஸ் 80 டிகிரி பெட்டிக்குக் கொண்டுபோவது.

என் பரிந்துரை முதலாவது. சிக்கனம் பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவன் நான். வெள்ளிக்கிழமை மாலை பார்சல் போட்டேன். கூரியர்காரர் இடையில் ஒரு கிடங்கில் வைத்துவிட்டார், பொங்கல் விடுமுறை சேர்ந்துகொண்டது. நாலாம் நாள் போய்ச் சேர்ந்தபோது குழாய்கள் வெதுவெதுப்பாக மிதந்தனவாம். பார்சலை திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் அனுப்புங்கள்.

நம் ஊரில் ஐஸுக்குக் குறைவில்லை, ஐஸ் பிளான்ட் எல்லா மீன்பிடித் துறையிலும் உண்டு. வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரியில்தான் நிற்கும். கல் உப்பைக் கலந்தால் கொள்கை அளவில் மைனஸ் 21 வரை இறங்கும், தெர்மோகோல் பெட்டியில் அவ்வளவு வராது. களத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் இது போதும், பெங்களூர் வரைக்கும் போதாது. மீனுக்குப் போடும் ஐஸில் கடல் பாக்டீரியா இருக்கும். குழாய்களை இரண்டு ஜிப் பைக்குள் போட்டே புதையுங்கள். தொலைவுக்கு உலர் பனிக்கட்டிதான் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), அது மைனஸ் 78 டிகிரி. உருகாமல் நேரடியாக வாயுவாகும், ஆகவே பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டினால் வெடிக்கும். காரில் எடுத்துப் போனால் கண்ணாடியை இறக்கி விடுங்கள். விமானத்தில் அனுப்பினால் ஆபத்துப் பொருள் என்று அறிவித்து உரிய லேபிள் ஒட்ட வேண்டும்.

எந்த வகை சீக்வென்சிங்

நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டை விற்கின்றன: 16எஸ், ஷாட்கன்.

16எஸ் என்பது பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு மரபணு, சுமார் 1,500 எழுத்து நீளம். இடையிடையே மாறும் பகுதிகள் ஒன்பது உண்டு, வி1 முதல் வி9 வரை. அந்தப் பகுதியைப் படித்து யார் என்று அடையாளம் காண்கிறோம். ஆளைப் பார்க்காமல் வாக்காளர் அட்டையைப் பார்ப்பது மாதிரி. கேட்காவிட்டால் நிறுவனங்கள் வி3–வி4 செய்து தரும். பேரின அளவில் ஒப்பிட அது போதும். வாயில் மட்டும் ஒரு தொல்லை: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ், ஓராலிஸ், நிமோனியே ஆகியவற்றின் 16எஸ் ஏறக்குறைய ஒன்றேதான். இன அளவில் பிரிக்க வேண்டுமென்றால் வி1–வி3 ஓரளவு மேல். காசு இருந்தால் நீள வாசிப்புக் கருவியில் முழு 16எஸ்.

ஷாட்கன் முறையில் குழாயில் இருக்கும் டிஎன்ஏ எல்லாமே படிக்கப்படும். இனம் துல்லியமாகத் தெரியும், மருந்தெதிர்ப்பு மரபணு தெரியும், பூஞ்சையும் டிஎன்ஏ வைரஸும் தெரியும். ஆனால் உமிழ்நீரில் பெரும்பகுதி நம் செல்களின் டிஎன்ஏதான், 90 சதவீதம் வரை போவதுண்டு. கணக்கு போட்டுப் பாருங்கள்: பத்து கிகாபேஸ் (ஒரு கிகாபேஸ் நூறு கோடி எழுத்து) வாங்கினால் ஒன்பது மனிதனுக்குப் போய், ஒன்றுதான் நுண்ணுயிருக்கு மிஞ்சும். மலம் ஆய்வுக்கு ஐந்து போதும் என்று யாரோ சொன்னதை உமிழ்நீருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல் படலத்தில் மனித டிஎன்ஏ குறைவு என்பதால் ஷாட்கனுக்கு அதுதான் ஏற்றது.

கைக்காசு குறைவான மாணவருக்கு என் யோசனை: எல்லா மாதிரிக்கும் 16எஸ், அதிலிருந்து தேர்ந்த சிலவற்றுக்கு மட்டும் ஷாட்கன்.

விலைப்புள்ளி வாங்கும்போது

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். பெங்களூரில் சி-கேம்ப் போன்ற அரசு சார்ந்த மையமும் உண்டு, தனியாரும் பலர் உண்டு. யாராக இருந்தாலும் போனில் பேசியதை நம்பாதீர்கள், எல்லாம் மின்னஞ்சலில் வரட்டும்.

முதலில் டிஎன்ஏ பிரிப்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசெஸ் போன்றவற்றின் செல்சுவர் தடிமன். வெறும் வேதிப்பொருளால் உடையாது, நுண்மணிகளோடு குலுக்கி உடைக்க வேண்டும். “மணி அடிப்பு உண்டா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், வாயில் மிக அதிகமாக இருக்கும் கூட்டமே உங்கள் தரவில் குறைந்து தெரியும்.

அடுத்து வாசிப்பு நீளம். வி3–வி4 துண்டு ஏறக்குறைய 460 எழுத்து. இரு முனையிலிருந்தும் முந்நூறு முந்நூறாகப் படித்தால் நடுவில் 140 எழுத்து ஒன்றன்மேல் ஒன்று விழும். நிறுவனம் விலை குறைக்க இருநூற்றைம்பதாகப் படித்தால் மிஞ்சுவது 40 மட்டுமே. தரம் குறைந்த வால்பகுதியை வெட்டியதும் இரண்டு துண்டும் ஒட்டாது, பாதித் தரவு குப்பைக்குப் போகும். என் இரண்டாம் தொகுதி இப்படித்தான் போனது. விலைப்புள்ளியில் கருவியின் பெயர் மட்டும் இருந்தது. நீளம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆழம்: 16எஸ் என்றால் மாதிரிக்கு 50,000 ஜோடி வாசிப்பு கேளுங்கள். குறைந்தால் இலவசமாகத் திரும்ப ஓட்டுவார்களா என்பதும் எழுத்தில் வரட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனையிலும் தனித்த குறியீடு தருவார்களா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மாதிரியின் வாசிப்பு உங்களுடையதில் கொஞ்சம் கசியும்.

கட்டுப்பாட்டு மாதிரிகளுக்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள். களத்தில் திறந்து மூடிய வெற்றுக் குழாய் ஒன்று, பிரிப்பின் வெற்று ஒன்று, பிசிஆர் வெற்று ஒன்று, கூடவே எந்த பாக்டீரியா எவ்வளவு என்று முன்பே தெரிந்த கலவை ஒன்று. கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும். வெற்றுக் குழாயில் என்ன வந்தது என்று தெரியாமல் அதைக் கழிக்க முடியாது. “வெற்று மாதிரியில் பேண்ட் வரவில்லை, அதனால் ஓட்டவில்லை” என்று சொல்வார்கள் (பேண்ட் என்பது ஜெல்லில் டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை). வராவிட்டாலும் ஓட்டச் சொல்லுங்கள்.

96 குழித் தட்டில் எந்த மாதிரி எங்கே போகும் என்பதையும் நீங்களே குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி அனுப்புங்கள். முதல் பாதி நோயாளிகள், மறு பாதி நலமானவர்கள் என்று போனால் தட்டின் கோளாறும் நோயும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, படித்த எழுத்துகளும் அவற்றின் தர எண்களும் உள்ள கச்சா ஃபாஸ்ட்கியூ கோப்புகள் கட்டாயம் வேண்டும், பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வரிசையும் வேண்டும். அறிக்கை மட்டும் தருகிறோம் என்றால் வேறு கடை பாருங்கள்.

தரவு வந்த பிறகு

கோப்புகளை இறக்கியதும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைச் சரிபாருங்கள். நம் ஊர் இணையத்தில் பாதியில் அறுந்த கோப்பு முழுசு மாதிரியே உட்கார்ந்திருக்கும். இரண்டு வன்தட்டில் நகல் எடுத்துவிட்டு மூலத்தைத் தொடாதீர்கள்.

ஃபாஸ்ட்கியூசி என்ற மென்பொருளில் தரத்தைப் பார்த்து, கட்அடாப்ட் என்பதால் பிரைமரை வெட்டி, டாடா2 என்பதில் பிழை நீக்கி, துல்லிய வரிசைகளைப் பெறுவது இப்போதைய வழக்கம். சைம் 2 என்ற தொகுப்புக்குள் இதெல்லாம் சேர்ந்தே கிடைக்கும். (எழுதும்போது அது கியூவில் தொடங்கும், வாயில் சொல்வது சைம். தெரியாமல் ஒரு கருத்தரங்கில் எழுத்தெழுத்தாக வாசித்துச் சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறேன்.) நிறுவனம் நோவாசீக் என்ற கருவியில் ஓட்டியிருந்தால் தர எண்கள் நாலே நாலு படியாகச் சுருக்கப்பட்டிருக்கும். டாடா2-வின் பிழைக் கணிப்பு அதில் தடுமாறலாம், பிழைக் கோட்டுப் படத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பெயர் சூட்ட, வாய்க்கென்றே ஃபோர்சைத் நிறுவனம் நடத்தும் மனித வாய் நுண்ணுயிர்த் தரவுத்தளத்தை முதலில் பயன்படுத்துங்கள். வாய், மூக்கு, தொண்டைப் பாதையில் இல்லாதவை அதில் பெரும்பாலும் கிடையாது என்பதால் கடல் பாக்டீரியாவையும் அது ஏதோ ஒரு வாய் உறவினர் பெயரில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கும். எல்லாச் சூழலின் பாக்டீரியாவும் உள்ள சில்வா தரவுத்தளத்திலும் ஒரு முறை ஓட்டி, இரண்டும் முரண்படும் இடங்களைக் கைப்பட ஆராயுங்கள். பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா என்று வருபவை சாப்பாட்டிலிருந்தோ செல்லிலிருந்தோ வந்தவை, நீக்கிவிடுங்கள். வெற்று மாதிரிகளை வைத்து மாசைக் கழிக்க டிகன்டாம் என்ற ஆர் தொகுப்பு உதவும். ஷாட்கன் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் மனித வாசிப்புகளை நீக்க வேண்டும்.

இனி புள்ளியியல். கைக்கு வருவது எண்ணிக்கை அல்ல, விகிதம் என்பதை மறக்காதீர்கள். ஏலக்கூடையில் நூறு மீன்தான் கொள்ளும் என்றால், சாளை அதிகமானால் மற்றவை குறைந்தே தெரியும். கடலில் அவை குறைந்ததாக அர்த்தமில்லை. அதனால் சாதாரண டி-சோதனையை ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஓட்டாமல், விகிதத் தரவுக்கென்றே செய்த ஆன்காம்-பிசி, ஆல்டெக்ஸ்2 போன்றவற்றில் இரண்டையாவது ஓட்டுங்கள். இரண்டிலும் வருவதைப் பற்றி மட்டும் தைரியமாக எழுதுங்கள். நூற்றுக்கணக்கில் சோதிப்பதால், தற்செயலாக வரும் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் பன்மடங்குத் திருத்தம் கட்டாயம். குழுக்களின் மொத்த அமைப்பை ஒப்பிட பெர்மனோவா என்ற சோதனையைப் போடுவார்கள். ஒரு குழு சிதறியும் மற்றது நெருங்கியும் இருந்தாலே அது வித்தியாசம் என்று காட்டிவிடும், சிதறல் சோதனையையும் கூடவே தாருங்கள். அதே ஆளிடம் இரண்டு முறை எடுத்திருந்தால் அந்த இணைப்பையும் புள்ளியியல் கணக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

16எஸ்ஸை வைத்து ‘இந்த மரபணுச் செயல்கள் கூடியிருக்கின்றன’ என்று நிறுவனம் தரும் பக்கங்கள் கணிப்பு மட்டுமே. ஆய்வேட்டில் அதை முடிவாக எழுதாதீர்கள். ஈறு நோயோடு தொடர்புள்ள போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் வந்தது என்பதற்காக அந்த ஆளுக்கு ஈறு நோய் என்றும் எழுதாதீர்கள். அதைச் சொல்ல ஈறுப்பையின் ஆழத்தை அளந்த பல் மருத்துவரின் தாள் வேண்டும்.

தரவைப் பொதுவில் வைக்க ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. ஷாட்கன் தரவில் மனித வாசிப்பு மிச்சமிருக்கிறதா என்று பதிவேற்றும் முன் இன்னொரு முறை பாருங்கள். ஊர் பெயர், வயது, படகு வகை மூன்றையும் சேர்த்துப் போட்டால் சின்னக் குப்பத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். ஊருக்குப் பதில் வட்டத்தைப் போடுங்கள், வயதை வரம்பாகப் போடுங்கள்.

மாதிரி தந்தவர்களிடம் திரும்பிப் போக வேண்டும். கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) என்னிடம் கேட்டது, “என் பல்லு எத்தன நாளைக்கு நிக்கும் வாப்பா?” என்று. சீக்வென்சிங் தரவில் அதற்குப் பதில் இல்லை. அதனால் இப்போதெல்லாம் மாதிரி எடுக்கும் அன்றே பல் மருத்துவரை உட்கார வைத்து, எந்தப் பல்லில் சொத்தை, எங்கே ஈறு வீக்கம், அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்கு எந்த நேரத்தில் போக வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம்.